சன்னல் மேலே குளவிக்கூடு: இப்போதே எடுக்கவா, குளிர் வரும்வரை விடவா?

நாலாம்மாடி (இழையைத் தொடங்கியவர்)

வெயில் ஏறத் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. படுக்கையறை சன்னலுக்கு மேல், வெயில் தடுப்புக்கு அடியில் ஒரு குளவி கூடு கட்டுகிறது. சாம்பல் நிறம், காகிதம் போல இருக்கிறது, அறைகள் கீழ்நோக்கித் திறந்திருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், பதினொரு அறை. இப்போதைக்கு ஒரே ஒரு குளவிதான் வந்து போகிறது.

போன வருடமும் கிட்டத்தட்ட இதே இடம்தான். சின்னதுதானே என்று விட்டுவிட்டேன். மழை தொடங்கும் சமயம் அது கையகலம் ஆகிவிட்டது. சன்னலைப் படாரென்று திறந்த அப்பாவுக்குக் காதில் இரண்டு கொட்டு. மூன்று நாள் காது வீங்கிப்போய் இருந்தது.

இதில் வேடிக்கை, கொட்டு வாங்கிய அப்பாதான் இப்போது "அது பாட்டுக்கு இருக்கட்டும், குளிர் வந்தால் தானே போய்விடும்" என்கிறார். மனைவி இன்றைக்கே எடுக்கச் சொல்கிறாள். வீட்டில் ஐந்து வயதுப் பையன் இருக்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

---

தோட்டக்கிறுக்கன்

மனைவி சொல்வதைக் கேளுங்கள். இந்த இழைக்கு மட்டும் சொல்கிறேன், பொதுவாக இல்லை.

ஒரே குளவி என்றால் அது பெரும்பாலும் ராணி. கூட்டை அவளே தொடங்குவாள், முட்டையிடுவாள், இரை தேடுவாள், புழுவுக்கும் ஊட்டுவாள். அவளுக்கு உதவிக்கு ஆள் வரும்வரை கூட்டைக் காப்பாற்றச் சண்டை போடுவதில் அவ்வளவு ஆர்வம் காட்ட மாட்டாள். முதல் ஈட்டுக் குளவிகள் வெளியே வந்ததும் கதை மாறிவிடும். அவை காவலுக்கு நிற்கும்.

அவள் வெளியே போயிருக்கும் நேரம் பாருங்கள். நீளக் கம்பால் கூட்டைத் தட்டி விழச் செய்து, அது தொங்கிய காம்பு ஒட்டியிருந்த இடத்தையும் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். திரும்பி வருவாள், ஒன்றிரண்டு நாள் அங்கேயே சுற்றுவாள், மறுபடி கட்டவும் பார்ப்பாள். மறுபடி தட்டுங்கள். என் வீட்டில் மூன்றாவது முறைதான் விட்டுப் போனாள்.

---

ஓடுஓடு

இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? கம்பு நுனியில் துணியைச் சுற்றி, எண்ணெயில் நனைத்துப் பற்றவைத்துக் காட்டினால் ஒரே நிமிடத்தில் முடிந்தது.

---

ஓட்டுவீடு

ஓடுஓடு சகோ, கோபப்படாதீர்கள், இதை யாரும் செய்ய வேண்டாம். என் மாமா இதையேதான் செய்தார். குளவிக்கூடு என்பது மென்று கூழாக்கிய மர நார். குப்பென்று பிடித்து, எரியும் துண்டுகள் கூரைக்கு அடியில் இருந்த மரச்சட்டத்தில் போய் உட்கார்ந்தன. குளவி செத்தது, சட்டத்திலும் நெருப்பு. நல்லவேளை தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருந்தது. ஏணியில் நின்றுகொண்டு ஒரு கையில் நெருப்பு, தலையைச் சுற்றிக் குளவி. நினைத்துப் பாருங்கள்.

பெட்ரோல் ஊற்றுவதும் அதே கதைதான். குறிப்பாக மண்ணுக்குள் இருக்கும் கூட்டில் ஊற்றிவிட்டு நெருப்புக்குச்சி உரசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

---

தேன்பெட்டி

நான் பொழுதுபோக்காகத் தேனீ வளர்ப்பவன். எடுப்பதா விடுவதா என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: அது என்ன? 'கொட்டுகிற பூச்சி' என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறோம்.

நாலாம்மாடி சொல்வது காகிதக்கூட்டுக் குளவி. கால்களைத் தொங்கவிட்டுப் பறக்கும், இடுப்பு ஒடிந்துவிடும் போல மெல்லிசாக இருக்கும். கூட்டைத் தொடாதவரை வம்புக்கு வராது. செடியைத் தின்னும் புழுக்களைத் தூக்கிப் போகும் என்பதால் தோட்டத்துக் கோடியில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கட்டினால் நான் தொடமாட்டேன். சன்னலுக்கு மேலே என்றால் அது வேறு.

கதண்டு என்றால் விளையாட்டே கிடையாது. பெரிய உடம்பு, பந்து போல மூடிய கூடு, ஒன்று கொட்டினால் கூட்டமே கிளம்பும். கிளையில் பானை அளவுக்கு ஏதாவது தொங்கினால் கீழே நின்று கல்லெறிந்து பார்க்கும் ஆசை யாருக்கும் வரக்கூடாது. வீட்டு ஸ்பிரேயோடும் போகாதீர்கள். உரிய உடுப்பு உள்ள ஆட்களைக் கூப்பிடுங்கள்.

தேனீ. கொத்தாக, திராட்சைக் குலை போல மரத்திலோ சுவரிலோ திடீரென்று வந்து தொங்கினால் பெரும்பாலும் அது இடம் மாறும் கூட்டம். பழைய கூட்டிலிருந்து பிரிந்து, புது வீடு பார்க்கப் போன சாரணத் தேனீக்கள் திரும்பி வரும்வரை காத்திருக்கும். வயிறு நிறையத் தேன், காப்பாற்றக் குஞ்சும் கிடையாது, அதனால் அப்போதுதான் அவை மிகவும் சாது. சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஓரிரு நாளில் போய்விடும். தண்ணீர் பீய்ச்சாதீர்கள், புகை போடாதீர்கள். மெழுகு அடை கட்டத் தொடங்கிவிட்டால்தான் அங்கே குடியேறிவிட்டது என்று அர்த்தம். மலைத்தேனீ மட்டும் விதிவிலக்கு, அதன் அருகே போகவே வேண்டாம். உயரமான கட்டடங்களில் ஒற்றை அடையாகத் தொங்கும். பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்ந்து, பல நேரம் அதே கட்டடத்துக்கே திரும்பி வரும்.

சுவர் இடுக்கிலோ மின்பெட்டியிலோ மெழுகுக்குழல் வாசல் வைத்து, கொசு அளவில் கருப்பாகப் பறப்பவை கொசுத்தேனீ. அவற்றுக்குக் கொட்டும் கொடுக்கே கிடையாது. பாவம், அவற்றையும் மருந்தடித்துக் கொல்கிறார்கள்.

மரத்தூணைத் துளைக்கும் பெரிய கருவண்டு போன்றது தச்சுத்தேனீ. முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது பெரும்பாலும் ஆண். கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு திரிந்து உண்டானது, ஆகவே ஆணுக்கு அது கிடையாது. வெறும் சவடால்தான். துளைக்காமல் இருக்க வேண்டுமானால் மரத்துக்குப் பெயின்ட் அடியுங்கள்.

---

சன்னலோரம்

சுவரில் மண்ணுருண்டை கட்டும் குளவியை விட்டுவிட்டீர்களே! எங்கள் வீட்டில் வருடம் முழுக்க அதுதான். சாவித் துவாரம், பிளக் ஓட்டை, புத்தக முதுகு, ஒன்றையும் விடுவதில்லை. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று பாட்டி சொல்லி, அந்த மண்கூட்டைப் பிரிக்கவே விடமாட்டார். ஒரு தடவை திருட்டுத்தனமாக உடைத்துப் பார்த்தேன். உள்ளே புழு இல்லை, பத்துப் பதினைந்து சிலந்திகள்! செத்த மாதிரியும் இருந்தன, உயிர் இருப்பது மாதிரியும் இருந்தன. அன்றைக்குத் தூக்கம் போயிற்று.

---

தேன்பெட்டி

உயிரோடுதான் இருந்தன. கொட்டி முடக்கிப்போட்டு, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். பொரிக்கும் குஞ்சு கெடாத இரையைத் தின்று வளரும். சில வகைகள் சிலந்தியைச் சேர்க்கும், சில வகைகள் பச்சைப்புழுவைச் சேர்க்கும். புழுவைக் கொண்டுவந்து மூடி, சில வாரம் கழித்து உள்ளேயிருந்து குளவி வருவதைப் பார்த்தவர்கள், புழுதான் குளவியானது என்று நினைத்ததில் தப்பே இல்லை.

இது தனிக்குளவி. கூட்டமும் இல்லை, காவலும் இல்லை, கையால் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது. ஆனால் துவாரம் அடைப்பதைச் சும்மா நினைக்காதீர்கள். 1996-ல் பிர்கென்ஏர் விமானம் ஒன்று கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் பிடோட் குழாய் அடைத்திருந்தது. நிறுத்தியிருந்த நாட்களில் உறை போடாமல் விட்டதால் மண்குளவி உள்ளே கட்டியிருக்கலாம் என்பது விசாரணையின் சந்தேகம். வீட்டில் ஏசி தண்ணீர்க்குழாய், கேஸ் அடுப்பு பர்னர், வெந்நீர்க் கருவியின் காற்றுத்துளை, இவற்றை அவ்வப்போது பாருங்கள். மெல்லிய கம்பிவலை போதும்.

---

இரவுப்பணி

நான் அவசரப் பிரிவில் செவிலி. கூட்டைப் பற்றி நீங்கள் பேசுங்கள், கொட்டியபின் நடப்பதை நான் சொல்கிறேன்.

தேனீ என்றால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். அதில் முள் இருப்பதால் திரும்ப உருவ முடியாது, நஞ்சுப்பையோடு பிய்ந்து நின்று தொடர்ந்து நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். அதனால் எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். கிள்ளக்கூடாது, அட்டையால் சுரண்டத்தான் வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தோம். 1996-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் கிள்ளினாலும் சுரண்டினாலும் தடிப்பில் வித்தியாசமில்லை, தாமதமானால்தான் தடிப்பு பெரிதானது. அட்டையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், நகத்தால் எடுத்து எறியுங்கள். குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுப்போவதில்லை, ஒன்றே பல முறை கொட்டும்.

அப்புறம் சோப்பு போட்டுக் கழுவி, ஐஸை துணியில் சுற்றி ஒத்தடம். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். இதை மறந்துவிட்டு மோதிரம் வெட்ட வருபவர்கள் உண்டு. கண்டதையும் தடவுவதில் பலன் இல்லை. நஞ்சு இறங்கியிருப்பது தோலுக்கு அடியில்.

பயப்பட வேண்டியது வேறு. கொட்டியது கையில், தடிப்பு வயிற்றிலும் முதுகிலும். உதடு, நாக்கு வீக்கம். குரல் மாறுவது, மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல், கண் இருட்டிக்கொண்டு வருவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 'கொஞ்ச நேரம் பார்க்கலாம்' கிடையாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், உயிரைக் காப்பாற்றாது. மயக்கம் வருபவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத்திணறல் என்றால் உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். சரியாகிவிட்டது என்று உடனே வீட்டுக்குக் கிளம்பவும் கூடாது, சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம்.

ஒவ்வாமையே இல்லாவிட்டாலும் இரண்டு சமயங்களில் நேரே வாருங்கள்: வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால், அல்லது பத்து இருபது என்று நிறையக் கொட்டு வாங்கினால். நிறைய நஞ்சு தசையையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அன்றைக்கு நன்றாக இருப்பவருக்கு மறுநாள் சிறுநீர் கறுத்துப் போகும்.

---

பரண்மேல்

அக்கா, ஒரு சந்தேகம். முந்தாநாள் புறங்கையில் குளவி கொட்டியது. நேற்றைவிட இன்றைக்கு வீக்கம் அதிகம், முழங்கை நோக்கி ஏறுகிறது. சூடாகவும் இருக்கிறது. சீழ் பிடித்துவிட்டதா? ஆன்டிபயாடிக் வாங்கட்டுமா?

---

இரவுப்பணி

தம்பி, இரண்டாம் நாள் வீக்கம் கூடுவது சகஜம். சிலருக்குக் கொட்டிய இடத்தில் மட்டும் பெரிதாக வீங்கும், 48 மணி நேரம்வரை ஏறி, ஒரு வாரம் பத்து நாளில் வடியும். அரிப்பு அதிகமாக இருந்தால் பெரும்பாலும் அது ஒவ்வாமை வீக்கம்தான். நாலைந்து நாள் ஆனபின் வலி கூடுவது, காய்ச்சல், சீழ் என்றால்தான் கிருமித்தொற்றைச் சந்தேகிப்போம். ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்காதீர்கள். கையை உயர்த்தி வையுங்கள். மனசு கேட்கவில்லை என்றால் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

---

ஓடுஓடு

காதில் கொட்டியதே பெரிசு என்கிறீர்களே. எங்கே கொட்டினால் அதிகம் வலிக்கும் என்று கண்டுபிடிக்க ஒருத்தர் தன் உடம்பில் 25 இடத்தில் தேனீயைக் கொட்டவிட்டார் தெரியுமா? கார்னெல் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் ஸ்மித், 2014. முதலிடம் மூக்குத்துவாரம், அடுத்தது மேலுதடு. மறுவருடம் இக் நோபலும் (சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான விருது) வாங்கினார். நான் தீப்பந்தம் சொன்னதுக்கு என்னைப் பைத்தியம் என்றீர்கள்.

---

நாலாம்மாடி

எடுத்துவிட்டேன். சனிக்கிழமை உச்சிவெயிலில் அவள் வெளியே போன நேரம், ஒட்டடைக் கம்பால் ஒரே தட்டு. அரை மணியில் திரும்பி வந்து, கூடு இருந்த இடத்தையே நுகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. திங்களன்று ஒரு காம்பும் இரண்டு அறையும் புதிதாக. அதையும் தட்டினேன். இப்போது நாலு நாளாக வரவில்லை. அப்பா என்னோடு பேசவில்லை.

---

மழைப்பாட்டு (மூன்று மாதம் கழித்து)

பழைய இழையைத் தோண்டுவதற்கு மன்னிக்கவும். இங்கே மழை பிடித்துக்கொண்டது, பிரச்சினையும் ஆரம்பம். வாசல்படி ஓரம் மண்ணில் ஒரு ஓட்டை, குளவி வரிசையாகப் போய் வருகிறது. இன்னொரு பக்கம், வெள்ளம் வடிந்த இடத்தில் செவ்வெறும்பு கூட்டம் கூட்டமாக வீட்டுக்குள் ஏறுகிறது. குளியலறையில் நேற்று ஒரு தேள். இரவில் விளக்கைச் சுற்றி எறும்பு மாதிரி நீளமாய், செம்மஞ்சளும் கருப்புமாகப் பட்டை போட்ட பூச்சி வேறு.

---

தோட்டக்கிறுக்கன்

ஒவ்வொன்றாக.

ஓட்டையைக் கல் வைத்தோ சிமென்ட் பூசியோ அடைக்காதீர்கள். வேறு வழி தோண்டி வரும், சுவருக்குள் இருக்கும் கூடு என்றால் வீட்டுக்குள்ளேயே வழி எடுத்துவிடும். தூரத்தில் நின்று போக்குவரத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு என்றால் சின்னக் குடும்பம். நிற்காமல் வந்துபோனால் உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்கும், ஆளைக் கூப்பிடுங்கள். புல்வெட்டும் இயந்திரத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, அதிர்வுதான் அவற்றைக் கிளப்பும். நீங்களே மருந்து போடுவதானால் இருட்டியபின், உடம்பை முழுக்க மூடிக்கொண்டு, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டு. சிவப்பு அவற்றின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பூனையோ மீன்தொட்டியோ வைத்திருப்பவர்கள் ஸ்பிரே டப்பாவில் 'பெர்மெத்ரின்' இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் அது விஷம்.

செவ்வெறும்பு வெள்ளத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தெப்பம் போல மிதக்கும், தொட்ட இடத்தில் ஏறும். வெள்ளநீரில் பழுப்பாக ஏதாவது திட்டு மிதந்தால் ஒதுங்கிப் போங்கள். கடித்துப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தால் கொட்டும். மறுநாள் வெள்ளைக் கொப்புளம் வரும். உடைக்காதீர்கள், அதில் இருப்பது கிருமிச் சீழ் இல்லை, உடைத்தால்தான் கிருமி போகும்.

---

இரவுப்பணி

விளக்கடிப் பூச்சி கொட்டாது, கடிக்காது. ஆனால் உடம்பில் உட்கார்ந்ததை அடித்து நசுக்கினால் அதன் சாறு பட்ட இடம் மறுநாள் வெந்தது போலாகும். ஊதித் தள்ளுங்கள், பட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

---

நெறியாளர்

தேள் பூச்சியினம் இல்லை, எட்டுக்கால். அதற்குத் தனி இழை இருக்கிறது, புற ஊதா விளக்கில் தேள் ஒளிர்வதைப் படம் எடுத்தவர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள். இங்கே கொட்டும் பூச்சியோடு நிறுத்திக்கொள்வோம்.

---

ஓட்டுவீடு

கூட்டமாகத் துரத்தினால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை. பக்கத்துத் தெருவில் போன வாரம் ஒருவரை மலைத்தேனீ துரத்தி, அவர் குளத்தில் குதித்தார். தலையை வெளியே எடுக்கும்போதெல்லாம் கொட்டு.

---

தேன்பெட்டி

தண்ணீருக்குள் போகக்கூடாது, அவை மேலேயே காத்திருக்கும். கையை வீசி அடிக்கவும் கூடாது. தேனீ கொட்டிய இடத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பும், வாழைப்பழ எசன்ஸ் வாடை. அது மற்றவற்றுக்கு 'இங்கே கொட்டு' என்ற அழைப்பு. நசுக்கினாலும் அதே வாசனைதான். நான் கூட்டைத் திறக்கும்போது அந்த வாடை வந்தால் மூடிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

சட்டையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, வழி தெரிகிற அளவுக்கு மட்டும் கண்ணை விட்டு, நேராக ஓடுங்கள். வீடு, கார், கடை, எது கதவடைக்க முடியுமோ அதற்குள். நாலைந்து தேனீ உள்ளே கூட வந்தாலும் பரவாயில்லை, வெளியே இருப்பது ஆயிரம். மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் அவை பறக்கும் என்பதால் நின்று திரும்பிப் பார்க்க நேரமில்லை.

---

நாலாம்மாடி (மேலும் நான்கு மாதம் கழித்து)

குளிர் வந்துவிட்டது. பரணைச் சுத்தம் செய்தபோது மூலையில் கால்பந்து அளவு மூடிய கூடு. சத்தமே இல்லை. சன்னலில் ஒருத்தியைத் துரத்திவிட்டு, தலைக்கு மேலே ஒரு ஊரையே வளர்த்திருக்கிறோம்! கோடை முடிவில் வெளியே உட்கார்ந்து குளிர்பானம் குடித்தபோதெல்லாம் கிளாஸைச் சுற்றியவை இவைதான் போல. இதை எடுக்கலாமா? மறுபடி குடிவருமா?

---

தோட்டக்கிறுக்கன்

கிளாஸைச் சுற்றியதற்குக் காரணம் உண்டு. கூட்டில் புழு இருக்கும்வரை வேலைக்காரக் குளவிகள் அவற்றுக்கு இறைச்சி ஊட்டும், பதிலுக்குப் புழுக்கள் இனிப்பான நீரைச் சுரந்து கொடுக்கும். பருவம் முடியும்போது புழு குறையும், அந்த இனிப்பு நிற்கும், அவை நம் கிளாஸைத் தேடி வரும். டின்னில் குடிக்காமல் கண்ணாடி டம்ளரில் குடியுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

கடுங்குளிர் உள்ள இடத்தில் கூடு மொத்தமும் செத்துவிடும். கருவுற்ற இளம் ராணிகள் மட்டும் மரப்பட்டை இடுக்கிலும் பரணிலும் ஒடுங்கியிருக்கும். பழைய கூட்டுக்கு மறுபடி குடிவருவதில்லை. அப்பா சொன்னது இந்த மட்டில் சரி. குளிர் அவ்வளவாக இல்லாத இடங்களில் கூடு அடுத்த பருவமும் தொடரலாம். சத்தமில்லை என்பதை மட்டும் நம்பாமல், வெயில் அடிக்கும் பகலில் தூர நின்று, ஏதாவது வந்து போகிறதா என்று இரண்டு மூன்று நாள் பாருங்கள். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். உள்ளே வந்த இடுக்கையும் இப்போதே அடைத்துவிடுங்கள். அதற்கு இதுதான் காலம்.

---

தேன்பெட்டி

உள்ளே இருந்தது தேனீயாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. தேனீ குளிரிலும் சாகாது, ஒன்றையொன்று நெருக்கி, உடம்பு நடுக்கிச் சூடு உண்டாக்கிக்கொண்டு உள்ளேயே இருக்கும். சுவருக்குள் இருக்கும் தேன்கூட்டை மருந்தடித்துக் கொன்று அப்படியே விட்டால் அடுத்த வெயிலில் அடை உருகித் தேன் சுவர் வழியே ஒழுகும், எறும்பு வரும், நாற்றம் வேறு. அடையோடு எடுக்க வேண்டும்.

---

நாலாம்மாடி

மூன்று நாள் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை. எடுத்தாயிற்று. உள்ளே மாடி மாடியாக ஏழு அடுக்கு! வெளி உறையில் சாம்பல், பழுப்பு, வெளிறிய மஞ்சள் என்று வரிவரியாக நிறம், ஒவ்வொரு வரியும் வேறு வேறு மரத்திலிருந்து சுரண்டியதாம். அதில் ஒரு வரி மட்டும் பச்சை. யோசித்துப் பார்த்தால் எங்கள் பின்வாசல் கதவின் பெயின்ட்.

அப்பாதான் கண்டுபிடித்தார். கதவில் சுரண்டிய தடங்களைப் பையனுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். மனைவி இடுக்கை அடைக்கச் சிலிக்கோன் பசைக்குழாய் வாங்கி வந்துவிட்டாள், ஏணியைப் பிடிக்கத்தான் ஆள் வரக்காணோம்.